அளந்து கொடுக்க வேண்டிய காற்று

என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு இதயம் நின்று, மறுபடி ஓட ஆரம்பித்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்த பிறகு எனக்கு வந்த போன்களில் பாதிக்கு மேல் ஒரே பேச்சுதான். "பேசாம உங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. அங்க ஆக்சிஜன் நிறைய இருக்கும், சீக்கிரம் தேறிடுவாரு." மீதிப் பேர் சொன்னது வேற. "ஆக்சிஜன் மெஷின் வாடகைக்குக் கிடைக்குது. வீட்லயே ஒண்ணு வச்சுடுங்க. இருந்தா நல்லதுதானே?"

இரண்டுமே அக்கறையில் சொன்னதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கு: ஆக்சிஜன் எவ்வளவு கூடுதோ அவ்வளவு நல்லது. அந்த நம்பிக்கையோடு எங்கள் குடும்பம் மூணு மாசம் மல்லுக்கட்டியது. டாக்டர்கள் சொன்னது, நான் தேடிப் படித்தது, கண்ணால் பார்த்தது எல்லாத்தையும் சேர்த்து எழுதி வைக்கிறேன். நகரத்தில் இருக்கிற உங்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு நாள் வந்தால் உதவும்.

முதலில் எங்க இடத்தைச் சொல்லிடறேன். என் நிலம் மீஞ்சூருக்கு வடக்கே. வரப்பில் நின்று தெற்கே பார்த்தால் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியும். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தது திருவொற்றியூரில். மாப்பிள்ளை கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். துறைமுகத்துக்கும் யார்டுக்கும் நடுவில் இருபது வருஷமா அதே ரோடு, அதே டீசல் புகை. வயசு 47, சர்க்கரை இருக்கு. சிகரெட்டை விட்டு மூணு வருஷம் ஆச்சு.

மார்கழி பிறந்த வாரம், விடியற்காலை அஞ்சரை மணி. தேரடிப் பக்கம் டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கூட இருந்த கிளீனர் பையன் யார்டில் நடந்த பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்தவன். முகத்தில் தண்ணி தெளிக்கலை, சோடா வாங்கி வரலை, கையில் சாவிக்கொத்தைத் திணிக்கலை. மூச்சு இல்லைன்னு பார்த்ததும் நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தான். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குலம் உள்ளே போகிற அளவுக்கு அழுத்தணும். ஒரு ஆளால் ரொம்ப நேரம் முடியாது. டீ மாஸ்டரும் அவனும் மாத்தி மாத்திச் செய்திருக்காங்க. 108 வந்ததும், அதில் இருந்த கருவியை வைத்து ஷாக் கொடுத்தாங்க. இரண்டாவது ஷாக்கில் நாடி வந்தது.

ஹார்ட் அட்டாக்குக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு. மோட்டார் கொட்டகையை வைத்துச் சொன்னால் எங்க ஊரில் உடனே புரியும். ஹார்ட் அட்டாக் என்பது குழாயில் அடைப்பு. மோட்டார் திணறிக்கிட்டு ஓடும். கார்டியாக் அரெஸ்ட் என்பது மோட்டாரே நின்னு போறது. அடைப்பால் திணறின மோட்டார் சில சமயம் ட்ரிப் ஆகிற மாதிரி, அட்டாக் வந்தவருக்கு அரெஸ்ட்டும் வரலாம். மாப்பிள்ளைக்கு நடந்தது அதுதான். 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு இதயம் நின்றபோதுதான் கார்டியாக் அரெஸ்ட், எக்மோ என்ற வார்த்தைகளெல்லாம் நம்ம தமிழ்நாட்டு டீக்கடை வரைக்கும் வந்தது. அப்போதும் பல பேர் இரண்டையும் ஒண்ணாத்தான் பேசினாங்க.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் சாயந்திரம் தங்கச்சி போன் பண்ணினாள். அழுகையில் பேச்சே வரலை. "அண்ணா, ஆக்சிஜனைக் குறைச்சுட்டாங்க. நேத்து மெஷின்ல 100ன்னு இருந்துச்சு, இப்ப 40ன்னு காட்டுது. கைவிட்டுட்டாங்களா? பணம் கட்டினாத்தான் குடுப்பாங்களா?"

அவள் பயத்தில் நியாயம் இருக்கு. 2021 மே மாசத்தை யார் மறந்திருக்கோம்? சிலிண்டருக்காக விடிய விடிய வரிசையில் நின்றோம். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே ராத்திரியில் 13 பேர் இறந்தபோது, ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததுதான் காரணம்னு சொந்தக்காரங்க கதறினதை டிவியில் பார்த்தோம். அந்த வருஷம் நம்ம எல்லார் மனசிலும் பதிந்தது ஒண்ணுதான்: ஆக்சிஜனைக் குறைத்தால் ஆள் போயிடும்.

மறுநாள் நான் போனபோது ஐ.சி.யூ. டாக்டரம்மாவிடம் இதைக் கேட்டேன். அவங்க பொறுமையா ஐந்து நிமிஷம் நின்று சொன்னாங்க. "குறைச்சது அவருக்கு நல்லா இருக்கறதாலதான். ரத்தத்துல ஆக்சிஜன் 96 இருக்கு. அதுக்கு மேல குடுத்தா உதவி இல்ல, மூளைக்கும் இதயத்துக்கும் கெடுதல் வரலாம்."

இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்றதுன்னு யோசித்தபோது எனக்கு மாடுதான் ஞாபகம் வந்தது. நாலு நாள் பட்டினி கிடந்த மாட்டை அரிசி மூட்டைப் பக்கம் அவிழ்த்து விட்டால் என்ன ஆகும்? வயிறு முட்டத் தின்னும், உப்பிப் போகும், விடியறதுக்குள் விழுந்துடும். பசியில் சாகாத மாடு, தீனியில் செத்துடும். முதலில் கொஞ்சம் வைக்கோல், தண்ணி, அப்புறம் கையளவு தவிடு என்று படிப்படியாத்தான் கொடுக்கணும். உடம்பு செல்களும் அப்படித்தான். இதயம் நின்ற சில நிமிஷம் அவை ஆக்சிஜன் இல்லாமல் பட்டினி கிடக்கும். ரத்தம் திரும்ப ஓடும்போது ஒரே அடியா ஆக்சிஜன் வெள்ளமா வந்தால், அது செல்லைக் காயப்படுத்துகிற வேதிப்பொருளா மாறும். இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறதும், விறகை எரிக்கிறதும் அதே ஆக்சிஜன்தானே. அம்மா கேட்டுட்டு, "அப்ப அளந்து வைக்கிறாங்கன்னு சொல்லு, ஏன் குறைக்கிறாங்கன்னு சொல்ற?" என்றாங்க. எனக்கு அதுக்கு மேல் விளக்க வேண்டியிருக்கலை.

இது ஒரு டாக்டரின் தனிக் கருத்து இல்லை. அமெரிக்காவில் 120 மருத்துவமனைகளில், இதயம் நின்று பிழைத்து ஐ.சி.யூ.வுக்கு வந்த 6,326 பேரின் பதிவுகளைப் பார்த்து 2010ல் ஒரு ஆய்வு வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் ரொம்ப அதிகமா இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்திருந்தாங்க. சரியான அளவில் இருந்தவர்களில் இறந்தது 45 சதவீதம். ஆக்சிஜன்தான் கொன்றதுன்னு இந்தக் கணக்கை மட்டும் வைத்துச் சொல்லிட முடியாது. ஆனால் டாக்டர்களை நிறுத்தி யோசிக்க வைத்தது.

சரி, அப்போ ஆம்புலன்ஸிலேயே குறைத்திடலாமா? அதையும் ஆஸ்திரேலியாவில் செய்து பார்த்தாங்க. 2022ல் முடிவு வந்தது. ஆம்புலன்ஸில் வரும்போதே 90 முதல் 94 என்று குறைவா வைத்தவர்களில் 38 சதவீதம் பேர் பிழைத்து வீடு போனாங்க. 98 முதல் 100 என்று வைத்தவர்களில் 48 சதவீதம். கொரோனாவால் அந்த ஆய்வை இடையில் நிறுத்த வேண்டி வந்தது, இருந்தாலும் பாடம் தெளிவு. ரோட்டில், சரியா அளக்க வழியில்லாத இடத்தில் கஞ்சத்தனம் கூடாது, தாராளமாக் கொடுக்கணும். மருத்துவமனைக்கு வந்து, ரத்தத்தை எடுத்து அளந்த பிறகு, 94க்கும் 98க்கும் நடுவில் நிறுத்தணும். ஐரோப்பிய மருத்துவர்கள் 2021ல் போட்ட வழிகாட்டுதலில் இருக்கிற எண் அதுதான். முளை விட்ட நாற்றுக்கு ஒரு தண்ணி, கதிர் பிடிக்கிறபோது ஒரு தண்ணி, அறுப்புக்கு முன்னாடி வடிச்சு விடணும். இதில் எதையாவது கஞ்சத்தனம்னு யாராவது சொல்வோமா?

ஆக்சிஜனை 1774ல் பிரித்தெடுத்துக் காட்டிய ஜோசப் பிரீஸ்ட்லிக்கே இந்தச் சந்தேகம் இருந்திருக்கு. இந்தக் காற்றில் மெழுகுவர்த்தி வேகமா எரிந்து தீர்கிற மாதிரி மனுஷன் உயிரும் சீக்கிரம் எரிந்து தீர்ந்திடுமோன்னு அவர் அப்போதே எழுதி வைத்தார். அதைக் கவனிக்காமல் விட்டதுக்குக் குழந்தைகள் விலை கொடுத்தாங்க. 1940களில், 50களின் தொடக்கத்தில், குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்ற இன்குபேட்டரில் ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தாங்க. ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பார்வை போன பிறகுதான், அதிகமான ஆக்சிஜன்தான் காரணம்னு கண்டுபிடித்தாங்க.

ஆறாம் நாள் மாப்பிள்ளை கண் விழித்தார். தங்கச்சி பேரைச் சொன்னார். அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சாச்சு, மூளைக்குப் பெரிய சேதம் இல்லை. எல்லாம் முடிந்ததுன்னு நாங்க நினைத்த நேரத்தில், "இனிமே நுரையீரலைப் பார்க்கணும்" என்றாங்க டாக்டரம்மா. இதயம் நின்றவருக்கு நுரையீரல் என்ன பண்ணுச்சு?

நிறைய பண்ணும். நினைவில்லாமல் விழுந்தவர் வயிற்றில் இருப்பதும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிடும். வென்டிலேட்டர் குழாய் இருக்கிற வரை இருமல் இல்லை, சளி வெளியே வராது. நின்று ஓடின இதயம் கொஞ்ச நாள் பலவீனமா இருக்கும்போது நுரையீரலில் நீர் கோக்கும். நெஞ்சை அழுத்தி உயிர் கொடுத்தாங்களே, அதில் விலா எலும்பு விரிசல் விடும். இவருக்கு மூணு எலும்பு. அந்தக் கிளீனர் பையன் இதைக் கேட்டு முகம் வாடிட்டான். "தம்பி, எலும்பு கூடிடும். நீ அழுத்தலைன்னா இப்ப எலும்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்" என்று அவனிடம் சொன்னேன்.

விலா வலித்தால் ஆழமா மூச்சு இழுக்க முடியாது. மேலோட்டமா மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சுருங்கும், சளி தங்கும், நிமோனியா வரும். இவருக்கும் வந்தது. வென்டிலேட்டரில் இருந்து எடுத்த பிறகும் அதுக்காக ஒரு வாரம் ஊசி மருந்து. பிசியோதெரபிஸ்ட் ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்தாங்க. மூணு குழலில் மூணு பந்து இருக்கும், உறிஞ்சினால் பந்து மேலே ஏறும். முழிச்சிருக்கிற நேரத்தில் மணிக்கொரு தரம் பத்து தடவை. இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடிச்சு இருமணும், வலி குறையும். லாரி ஸ்டீயரிங்கை ஒரு கையால் சுழற்றுகிற மனுஷன், முதல் நாள் ஒரு பந்தைக்கூட ஏத்த முடியாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வரும்போது இரண்டு பந்து ஏறியது. எந்த ஆக்சிஜன் மெஷினும் இந்த வேலையைச் செய்யாது. அது காற்றைக் கொடுக்கும். விரிய வேண்டியது நுரையீரல்தான்.

இங்கேதான் வாடகை மெஷின் பேச்சு வந்தது. அந்த மெஷின் என்ன செய்யுதுன்னு பார்த்தால் ஆச்சரியமாத்தான் இருக்கு. நம்ம வீட்டுக் காற்றையே உள்ளே இழுத்து, சியோலைட் என்ற தாதுக் குருணையில் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, மீதி வருகிற ஆக்சிஜனைக் குழாயில் விடும். நுரையீரல் தழும்பேறிப் போனவங்களுக்கு, ஓய்வா உட்கார்ந்திருக்கும்போதே 88க்குக் கீழே இறங்குகிறவங்களுக்கு அது உயிர். ஆனால் டிஸ்சார்ஜ் அன்னைக்கு மாப்பிள்ளைக்கு 97. ஆறு நிமிஷம் நடக்க வைத்துப் பார்த்தும் 95க்குக் கீழே போகலை. "தேவையில்ல, வாங்காதீங்க" என்று டாக்டரம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. தேவையில்லாத மருந்து மாத்திரையை யாரும் வாங்கிச் சாப்பிட மாட்டோம். இதுவும் மருந்துதான், இதுக்கும் அளவும் காலமும் டாக்டர்தான் எழுதணும். தேவைப்பட்டு வைத்திருக்கிறவங்க ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்: அந்த ரூமில் ஊதுவத்தி, விளக்கு, சாம்பிராணி, சிகரெட் எதுவும் கூடாது. ஆக்சிஜன் தானா எரியாது, மற்றதையெல்லாம் வேகமா எரிய விடும்.

விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்சிமீட்டர் கொரோனா காலத்தில் எங்க தெருவுக்கே ஒண்ணு இருந்தது. தக்குவோ அவோயாகி என்ற ஜப்பான்காரர் 1970களில் கண்டுபிடித்தது. நல்ல கருவிதான், ஆனால் அதுக்கும் குறை இருக்கு. நகப்பூச்சு இருந்தாலும், விரல் சில்லிட்டுப் போயிருந்தாலும் தப்பாக் காட்டும். கறுத்த தோல் உள்ளவங்களுக்குச் சில சமயம் உள்ளதைவிடக் கூடுதலாக் காட்டுதுன்னு 2020ல் அமெரிக்காவில் வந்த ஆய்வு சொல்லுது. நம்ம நிறத்துக்கு இது முக்கியமான சங்கதி. எண் 96ன்னு காட்டினாலும் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், எண்ணை நம்பி உட்காராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். இன்னொண்ணு, அது ஆக்சிஜனை மட்டும்தான் அளக்கும். உள்ளே போன புகையையும் தூசியையும் அளக்காது.

அந்தப் புகையும் தூசியும்தான் இந்தக் கதையில் பெரிய விஷயம். திருவொற்றியூர் காற்றிலும் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், எங்க வயல் காற்றிலும் 21 சதவீதம்தான், கொடைக்கானல் காட்டிலும் அதே 21 சதவீதம்தான். மரம் நிறைய இருக்கிற இடத்தில் ஆக்சிஜன் கூடும் என்பது நம்ம ஆசை. வடசென்னையில் ஆக்சிஜன் குறைச்சல் இல்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து வருவதுதான் அதிகம்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அந்தக் கரையைப் பாருங்க. 1856ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பின ராயபுரம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், அதுக்குப் பக்கத்தில் சென்னைத் துறைமுகம். மேற்கே மணலியில் 1960களில் இருந்து சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும். எண்ணூரில் 1970ல் வந்த அனல் மின் நிலையம் 2017ல் மூடப்பட்டது. அதுக்குள் வடக்கே அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அதைவிடப் பெரியதா வந்துவிட்டது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் இறக்குவதால் பறந்த தூசி பற்றி வழக்கு நடந்து, 2011ல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அந்தச் சரக்கு எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரத்துக்காரர் மூச்சுக்கு நல்லது நடந்தது. ஆனால் தூசி ஒழிந்து போகலை, கரையோரமா வடக்கே நகர்ந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, கண் எரிந்து மூச்சு முட்டிய ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினாங்க. பல பேரை மருத்துவமனையில் சேர்த்தாங்க. இதயம் நின்று பிழைத்த ஒருத்தர் அந்த ராத்திரி அந்தத் தெருவில் இருந்திருந்தால் எவ்வளவு தூரம் ஓடியிருப்பார்?

நுரையீரலுக்குப் போகிற தூசி இதயத்தை என்ன செய்யும்னு கேட்கலாம். பி.எம். 2.5 என்று சொல்கிற துகள் தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கு முடி பிடிக்காது, இருமல் வெளியேற்றாது. நுரையீரலின் கடைசிக் கண்ணறை வரை போகும், ரத்தக் குழாய்களில் அழற்சியைக் கிளப்பும், இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும். ஜப்பானில் 2014, 2015 ஆகிய இரண்டு வருஷத்தில் வெளியில் இதயம் நின்று விழுந்த ஏறக்குறைய 2.5 லட்சம் பேரின் கணக்கையும் அந்தந்த நாள் காற்றின் அளவையும் பொருத்திப் பார்த்திருக்காங்க. துகள் கூடின நாள்களில் விழுந்தவங்களும் கூடியிருக்காங்க. அதில் பெரும்பாலான நாள்களில் காற்று, அன்றைய உலக சுகாதார நிறுவன வரம்புக்குள்தான் இருந்தது. இந்தத் துகளுக்கு வருஷச் சராசரியா ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான் இருக்கலாம்னு அந்த நிறுவனம் 2021ல் வரம்பைக் குறைத்தது. நம்ம நாட்டுச் சட்டம் 40 வரை அனுமதிக்குது.

இத்தனையும் யோசித்துத்தான், போகிக்கு முந்தின நாள் மாப்பிள்ளையை ஊருக்குக் கூட்டி வந்தோம். டயர் எரிக்கிற நாளில் அந்த நுரையீரலை அங்கே விட மனசில்லை. டாக்டரும் சரி என்றாங்க. "வாங்க மாப்ள, இங்க நல்லா மூச்சு விடுங்க" என்று அம்மா வாசலில் நின்று வரவேற்றாங்க.

கிராமத்துக் காற்றைப் பற்றியும் உண்மையைச் சொல்லணும் இல்லையா? தை மாசம் எங்க பக்கம் சம்பா அறுப்பு. அறுப்பு மெஷின் போகிற பக்கமெல்லாம் தூசி. பொங்கல் பானைக்கு விறகடுப்பு. சாயந்திரம் மாட்டுக்கொட்டகையில் கொசுவுக்கு மூட்டம். பக்கத்து வயலில் தாளைக் கொளுத்தினாங்க. பனியில் புகை மேலே ஏறாமல் வீட்டு உயரத்துக்கே நின்றது. அன்னைக்கு ராத்திரி முழுக்க மாப்பிள்ளை தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இருமினார். ஆக்சிமீட்டர் 95, 96 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. அம்மா அடுத்த நாளே விறகடுப்பை மூட்டை கட்டினாங்க. என் வயல் வைக்கோலை மெஷின் வைத்து உருளையாக் கட்டிக் கொடுத்துட்டேன். கொளுத்தினவரிடமும் போய்ப் பேசினேன். "இது தெரிஞ்சா நான் ஏன்ணே வைக்கப் போறேன், சொல்லியிருக்கலாம்ல" என்றார். நல்ல மனுஷன்.

மூணாவது வாரம் ஒரு ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னார். காரில் ஏற்றி ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்றே கால் மணி நேரம். ரயில்வே கேட்டில் சரக்கு வண்டி, அப்புறம் கிலோமீட்டர் கணக்கில் நிற்கிற கன்டெய்னர் லாரிகள். அவர் ஓட்டின லாரி மாதிரியே வரிசையா. பின் சீட்டில் தங்கச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தாள், எதை எண்ணினாள்னு நான் கேட்கலை. போய்ப் பார்த்தால் விலா எலும்பு வலிதான். ஆனால் அந்த ஒன்றே கால் மணி நேரம் எங்க எல்லாருக்கும் ஒண்ணைச் சொல்லிடுச்சு. காற்று கொஞ்சம் நல்லா இருக்கிற இடத்தில் ஆஸ்பத்திரி தூரம். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிற இடத்தில் காற்று மோசம். வடசென்னைக்காரருக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம்னு ஒண்ணு இல்லை.

தை முடிந்ததும் திருவொற்றியூருக்கே திரும்பிட்டார். கனரக வண்டி இப்போதைக்கு ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டதால், யார்டு ஆபீஸ் உள்ளே சீட்டு எழுதுகிற வேலை. சம்பளம் பாதிக்குக் கொஞ்சம் மேல். தங்கச்சி தையல் மெஷினைத் தூசி தட்டி எடுத்திருக்கா. பந்துக் கருவியில் இப்போ மூணும் ஏறுது.

நடக்கச் சொல்லியிருக்காங்க. எல்லாரும் "காலையில நட, சுத்தமான காத்து" என்றாங்க. விவசாயிக்குக் காற்று திசை தெரியும். ராத்திரியும் விடியற்காலையும் தரைக்காற்று மேற்கிலிருந்து கடலுக்கு வீசும், அது மணலியைத் தாண்டித்தான் திருவொற்றியூருக்கு வரணும். குளிர்ந்த காற்று கீழேயே தேங்கி நிற்கும். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று ஏறின பிறகுதான் தெரு கழுவி விட்ட மாதிரி ஆகும். அதனால் அவர் சாயந்திரம் நாலரைக்கு, லாரி ரோட்டைக் குறுக்கே கடந்து, கல் கொட்டின கரையோரம் நடக்கிறார். வடக்கிலிருந்து காற்றடிக்கிற நாள்களில் வீட்டுக்குள்ளேயே நடை. தூசி நாளில் என்-95 மாஸ்க். ஆனால் அது துகளைத்தான் பிடிக்கும், அமோனியா மாதிரி வாயுவைப் பிடிக்காது. அதுக்கு ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்றடிக்கிற திசைக்குக் குறுக்கே விலகிப் போறதுதான் வழி. தங்கச்சி வீட்டு வாசல் ஆணியில் நாலு துண்டு எப்போதும் தொங்குது.

உங்களுக்குச் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். உங்க தெருவில், ஆபீஸில் நெஞ்சை அழுத்தத் தெரிந்தவங்க ஒருத்தராவது இருக்காங்களான்னு பாருங்க; இல்லைன்னா நீங்க கத்துக்குங்க. ஐ.சி.யூ.வில் ஆக்சிஜனைக் குறைத்தால் பயப்படாதீங்க, எவ்வளவு இருக்கு, எவ்வளவு இருக்கணும்னு கேளுங்க. வீட்டுக்கு வந்ததும் மெஷின் தேடி அலையாதீங்க, பந்தை ஏத்தச் சொல்லுங்க.

மருத்துவமனைக்குள் ஆக்சிஜனை அளந்து கொடுக்க ஆள் இருக்காங்க, எண் இருக்கு, நாலு புள்ளி கூடினால் மணி அடிக்கிற மெஷின் இருக்கு. வாசலுக்கு வெளியே வந்த பிறகு அவர் மூச்சோடு உள்ளே போகிறதை அளந்து, போதும் நிறுத்துன்னு சொல்ல யாரும் இல்லை. மாப்பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒன்பது மாத்திரை. ஒவ்வொண்ணுக்கும் சீட்டில் நேரமும் அளவும் எழுதியிருக்கு. நாள் முழுக்க இழுக்கிற காற்றுக்கு மட்டும் சீட்டு இல்லை.